கிரிப்டோ நாணயமும் நமது நாணயமும்

கண்டியில் கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் புறக்கோட்டையில் முதன்முதலாகக் கடனுக்குச் சரக்கு எடுத்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று மொத்த வியாபாரி கேட்க மாட்டார். "எந்த ஊர்? யாருடைய மகன்? இப்போது யாரிடம் சரக்கு எடுக்கிறீர்கள்?" என்றுதான் கேட்பார். பிறகு, "அடுத்த கிழமை வாங்க, பார்ப்போம்" என்பார். அந்த ஒரு கிழமைக்குள் கொழும்பு வீதியிலும் காசல் ஹில் வீதியிலும் நான்கு பேரிடம் நம்மைப் பற்றி விசாரித்து முடித்திருப்பார். அதன் பிறகுதான் முப்பது நாள் செக்குக்கு ஒரு சிறிய பொதி கிடைக்கும். அந்தச் செக் குறித்த திகதியில் பாஸானால் அடுத்த முறை அறுபது நாள். இப்படியே பத்து, பதினைந்து வருடம் போனால், ஒரு தொலைபேசி அழைப்பிலேயே லொறியில் சரக்கு வந்து இறங்கும்.

இதற்குத்தான் நாம் நாணயம் என்று பெயர் வைத்திருக்கிறோம். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது சும்மா அல்ல.

கடந்த சில வருடங்களாக "கிரிப்டோ நாணயம்" என்ற பெயரில் இன்னொரு பஸார் நம் பிள்ளைகளின் கையடக்கத் தொலைபேசிக்குள் நடக்கிறது. வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் அதற்கென்று குழுக்கள் இருக்கின்றன. அங்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு. அங்கும் "நல்ல மனிசன், ஒழுங்காகப் பணம் தருவார்" என்ற பெயர் உண்டு. அந்தப் பெயரை நம்பி நமது வியாபாரிகள் சிலர் கடைக்கு வைத்திருந்த பணத்தையும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அங்கே பெயர் எப்படி உருவாகிறது, அது எவ்வளவு தாங்கும் என்பதை ஒரு வியாபாரியின் கண்ணால் பார்ப்போம்.

கொப்பியை நம்பலாம், ஆளை?

2008 ஒக்டோபர் 31 இல் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று இணையத்தில் வெளியானது. வங்கியோ வேறு இடையாட்களோ இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் வழியை அது விளக்கியது. 2009 ஜனவரி 3 இல் பிட்கொயினின் கணக்குக் கொப்பியில் முதல் பக்கம் எழுதப்பட்டது.

விடயம் சுருக்கமாக இதுதான். நமது கடன் கொப்பி நம்முடைய மேசை லாச்சிக்குள் இருக்கிறது. அதில் ஒரு வரியை அழித்தால் வேறு யாருக்கும் தெரியாது. பிட்கொயினின் கொப்பியோ உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி இருக்கிறது. ஒரு வரி எழுதப்பட்டு அதன்மேல் பல பக்கங்கள் சேர்ந்துவிட்டால், அதைத் திருத்துவது நடைமுறையில் முடியாத காரியம். ஒரே காசை இரண்டு பேருக்குக் கொடுத்து ஏமாற்றவும் முடியாது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் காசு கைமாறியது மட்டுமே அந்தக் கொப்பிக்குத் தெரியும். அதற்குப் பதிலாகச் சரக்கு வந்து சேர்ந்ததா என்பது தெரியாது. வாங்கியவர் யார், எந்த ஊர், நாளைக்கு இருப்பாரா என்பதும் தெரியாது. தவறான ஆளுக்குப் போய்விட்டால் மீட்டுத் தரும்படி கேட்பதற்கு ஒரு வங்கி முகாமையாளரும் இல்லை. எழுதியதை அழிக்க முடியாது என்பதே அதன் பலம். போனது திரும்பாது என்பதும் அதனால்தான். ஆக, கொப்பியை நம்பும் பிரச்சினை தீர்ந்தது. ஆளை நம்பும் பழைய பிரச்சினை அப்படியே இருக்கிறது.

இரண்டு பீட்ஸாவும் ஒரு நம்பிக்கையும்

2010 மே மாதத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த லஸ்லோ ஹன்யெட்ஸ் என்ற கணினிக்காரர், தன் வீட்டுக்கு இரண்டு பீட்ஸா தருவித்துக் கொடுப்பவருக்கு 10,000 பிட்கொயின் தருவதாக இணையத்தில் அறிவித்தார். அன்றைய கணக்கில் அது சுமார் 40 டொலர். நான்கு நாட்கள் கழித்து, மே 22 இல், வேறொரு மாநிலத்தில் இருந்த ஓர் இளைஞர் தன் சொந்தப் பணத்தைக் கடைக்குக் கட்டி பீட்ஸாவை அவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். சொன்னபடி 10,000 பிட்கொயினும் அந்த இளைஞருக்குக் கிடைத்தது. பிட்கொயின் கொடுத்துப் பொருள் வாங்கிய முதல் வியாபாரம் என்று உலகம் இன்றும் சொல்வது இதைத்தான்.

எழுத்து இல்லை, சாட்சி இல்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் இல்லை. எவராவது ஒருவர் முதலில் கொடுத்துத்தான் ஆக வேண்டும்; மற்றவர் நினைத்திருந்தால் ஏமாற்றியிருக்கலாம். ஏன் ஏமாற்றவில்லை? சிறிய கூட்டம், சிறிய தொகை. 40 டொலருக்காகப் பத்துப் பேர் மத்தியில் பெயரைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? நம் ஊரில் பக்கத்து வீட்டார் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடிப்பதும் இதே நம்பிக்கையில்தான். கூட்டமும் தொகையும் பெரிதாகும்போதுதான் கதை மாறுகிறது.

ஒழுங்காகக் கொடுத்தவர்

அது மாறுவதற்கு இரண்டு வருடம்கூடச் செல்லவில்லை. டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ட்ரெண்டன் ஷேவர்ஸ் என்பவர், கடற்கொள்ளையன் என்று பொருள்படும் ஒரு புனைபெயரில் பிட்கொயின்காரர்கள் மத்தியில் அறிமுகமாகியிருந்தார். 2011 இலும் 2012 இலும் அவர் மற்றவர்களிடம் பிட்கொயினை வாங்கி வைத்துக்கொண்டு, வாரத்துக்கு 7 சதவீதம் வரை இலாபம் தருவதாகச் சொன்னார். பெரிய தொகையாகப் பிட்கொயின் தேடுபவர்களுக்கு விற்று அந்த இலாபத்தை எடுப்பதாக விளக்கமும் கொடுத்தார்.

வாரம் 7 சதவீதம் என்பதை நாம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? இலாபத்தை எடுக்காமல் விட்டால் ஒரு இலட்சம் ரூபா ஒரு வருடத்தில் 33 இலட்சத்தைத் தாண்டும். எந்தப் புடவைக் கடையில், எந்தப் பலசரக்குக் கடையில் இப்படி இலாபம் உண்டு?

ஆனால் அவர் பணத்தை ஒழுங்காகக் கொடுத்தார். குறித்த நாளில் கொடுத்தார். வாங்கியவர்கள் மற்றவர்களிடம் போய், "எனக்கு வந்தது" என்று சொன்னார்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை. எச்சரித்தவர்களும் இருந்தார்கள்தான், கிழமைக்குக் கிழமை பணம் பெறுபவரின் காதில் எச்சரிக்கை ஏறுமா? 2012 ஆகஸ்ட்டில் கடை மூடப்பட்டது. 2013 ஜூலையில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு அவர்மீது வழக்குத் தொடர்ந்தது. குறைந்தது 7 இலட்சம் பிட்கொயினை அவர் திரட்டியிருந்தார் என்றும், புதிதாகச் சேர்ந்தவர்களின் பணத்தைப் பழையவர்களுக்கு இலாபம் என்று கொடுத்தார் என்றும் அது கூறியது. 2015 இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2016 இல் ஒன்றரை வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்தத் தந்திரம் நமது பஸாருக்குப் புதியதா? மூன்று முறை கைக்காசுக்குச் சரக்கு எடுத்து, நான்காவது முறை ஒரு லொறிச் சரக்கைக் கடனுக்கு ஏற்றிக்கொண்டு மறைந்துபோனவர்களை நமது மூத்த வியாபாரிகளுக்குத் தெரியும். முதல் மூன்று முறை கொடுத்த கைக்காசு வியாபாரம் அல்ல. தூண்டிலில் கோர்த்த புழு.

ஆகவே ஒழுங்காகப் பணம் தருவது மட்டும் நாணயத்துக்கு அத்தாட்சி ஆகாது. நமது வாடிக்கையாளரின் செக் பாஸாகும்போது நாம் அவரை நம்புவதற்குக் காரணம், அந்தக் காசு எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். கடை திறந்திருக்கிறது, சரக்கு விற்பனையாகிறது, அதைக் கண்ணால் காண்கிறோம். காசு எங்கே பிறக்கிறது என்று தெரியாத இடத்தில், தவறாமல் வரும் பணம்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டிய பணம்.

பெரிய பெயர் என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். எப்.டி.எக்ஸ். என்ற நிறுவனம் உலகின் மிகப் பெரிய கிரிப்டோ சந்தைகளில் ஒன்றாக இருந்தது. மியாமி நகரில் ஒரு விளையாட்டரங்குக்கே அதன் பெயர் சூட்டப்பட்டிருந்தது. 2022 நவம்பரில் அது விழுந்தபோது வாடிக்கையாளர்களின் சுமார் 8 பில்லியன் டொலர் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதன் ஸ்தாபகர் சாம் பாங்க்மன் பிரைட்டுக்கு 2024 மார்ச்சில் 25 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. காசு கொடுத்து வாங்கிய பெயர் காசு தீர்ந்ததும் போய்விடும்.

நம் நாட்டில்

2008 இல் சக்வித்தியும் கோல்டன் கீயும் விழுந்ததைக் கண்ட நாடு நமது நாடு. அந்தப் பாடத்தைப் படித்த பிறகும் ஏன் மீண்டும் ஏமாந்தோம்? 2022 ஐ நினைத்துப் பாருங்கள். சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபா வரை ஏறியது. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, எரிபொருளுக்கு வரிசை, கடைத் தட்டுகளில் பாதி வெறுமை. வங்கியில் போட்ட பணம் கண்முன்னே கரைந்தது. அந்த நேரத்தில் "டொலரில் வருமானம், தொலைபேசியிலேயே வேலை" என்று ஒருவர் வந்து சொன்னால் மனம் சாயாதா?

சாய்ந்தார்கள். மெய்நிகர் நாணயங்களுக்கு இலங்கையில் எந்த ஒழுங்குமுறைப் பாதுகாப்பும் இல்லை என்றும், அவற்றை வைத்துத் திட்டம் நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்றும் மத்திய வங்கி 2021 இலும் 2022 இலும் அறிவித்தது. டெபிட் அட்டை, கிரெடிட் அட்டை மூலம் அவற்றை வாங்கப் பணம் செலுத்துவதற்கும் 2021 பணிப்புரையில் அனுமதி இருக்கவில்லை. ஆயினும் கூட்டம் குறையவில்லை. தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களை நடத்தியதாக மத்திய வங்கி வெளியிட்ட பட்டியலில் ஸ்போர்ட் செயின், ஒன்மெக்ஸ் டி.டி., எம்.டி.எப்.ஈ. ஆகிய பெயர்கள் இடம்பெற்றன. இவற்றில் எம்.டி.எப்.ஈ. 2023 ஆகஸ்ட்டில் நின்றுபோனது. நமது நாட்டைவிட பங்களாதேஷ் மக்கள் அதில் அதிகம் அடிபட்டார்கள். பணத்தைக் கேட்டவர்களின் கணக்கில், நீங்கள்தான் கம்பனிக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள் என்று காட்டியது அந்தச் செயலி!

நமது வங்கித்தொழில் சட்டத்தின்படி பிரமிட் திட்டத்தை ஆரம்பிப்பவர் மட்டும் குற்றவாளி அல்ல. அதை விளம்பரப்படுத்துவதும், முன்னெடுப்பதும், நடத்துவதும், அதை நடத்த நிதியளிப்பதும் குற்றமே. "நான் ஆள் சேர்த்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்" என்பது தப்பிக்கும் வழி அல்ல என்பதை நமது இளைஞர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

யாருடைய பெயர் விற்கப்பட்டது?

இனி இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். அக்குரணைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு புடவை வியாபாரி இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் கடை நடத்தியவர். ஒரு செக்கும் திரும்பியதில்லை. பிங்கா ஓயா பெருகி ஊர் வெள்ளத்தில் மூழ்கிய ஒரு தடவை கடைச் சரக்கு முழுவதும் நனைந்தபோது, புறக்கோட்டை முதலாளிமார் தாங்களாகவே தவணையை நீட்டிக் கொடுத்தார்கள். அவருடைய நாணயம் அப்படி.

இவர் ஒரு கிரிப்டோ செயலியில் சேர்ந்தார். அதன் பெயர் இங்கே வேண்டாம். மூன்று மாதம் பணம் வந்தது. கடைக்கு வந்த நண்பர்களிடம் தொலைபேசியைத் திறந்து காட்டினார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தனக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்கட்டும் என்ற எண்ணம்தான். பதினொரு பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மகளின் கலியாணத்துக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டார். இன்னொருவர் நகையை அடகு வைத்தார். பதினொரு பேரில் ஒருவர்கூட அந்தக் கம்பனி எங்கே பதிவானது, இலாபம் எப்படி வருகிறது என்று கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "நானா போட்டிருக்கிறாரா?"

நான்காம் மாதம் செயலி திறக்கவில்லை. எங்கோ இருந்த முகம் தெரியாதவர்கள் மறைந்துவிட்டார்கள். ஆனால் நானாவின் கடை அதே இடத்தில் இருந்தது. அவர் அஸருக்குப் போகும் பள்ளிவாசல் அதே இடத்தில் இருந்தது. பதினொரு பேரும் அங்கேதான் வந்தார்கள். வேனை விற்று இரண்டு பேருக்குக் கொடுத்தார். மற்றவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். செய்தி புறக்கோட்டைக்குப் போனது. வெள்ளத்தில் தவணை கொடுத்தவர்கள் இப்போது சரக்குக்கு முன்பணம் கேட்கிறார்கள்.

அந்த மோசடிக்காரர்களிடம் ஒரு பெயரும் இருக்கவில்லை. நம் ஊரில் அவர்களை யார் அறிவார்? அவர்கள் விற்றது நானாவின் இருபது வருடப் பெயரை. ஸ்போர்ட் செயினோ எம்.டி.எப்.ஈ.யோ, இப்படிப்பட்ட திட்டம் எதுவாக இருந்தாலும் அதன் உண்மையான முதல் நம்மைப் போன்றவர்களின் பெயர்தான். ஆசிரியர், பள்ளி நிர்வாகி, வைத்தியர், முதலாளி என்று ஊரில் மதிப்புள்ள ஒருவரை முதலில் சேர்த்து, அவருக்குச் சரியாகப் பணம் கொடுத்து, அவர் வாயால் மற்றவர்களை அழைப்பிப்பதே வழி. அவர் வாங்கிய இலாபம் எனப்படுவது உண்மையில் அவருடைய பெயருக்கு அவர்கள் கொடுத்த வாடகை.

ஓடிப்போக முடியாத பெயர்

கண்டி இராச்சிய காலத்தில் நமது முன்னோர் தவளம் மாடுகளில் கரையோரத்தில் இருந்து உப்பும் கருவாடும் ஏற்றி வந்து, மலைநாட்டில் இருந்து பாக்கு கொண்டுபோனார்கள். அடுத்த பயணத்திலும் அதே கிராமத்துக்கு அவர்கள் வந்தாக வேண்டும். ஏமாற்றிவிட்டு வேறெங்கும் போய்விட முடியாது. பிற்காலத்து உண்டியல்காரரும் அப்படித்தான். உண்டியல் சட்டவிரோதம், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனாலும் துண்டுக் கடிதம் இல்லாமல் இலட்சங்கள் கைமாறின என்றால், அவருக்கு ஒரு கடை, ஒரு ஊர், கலியாணம் செய்து கொடுக்க வேண்டிய பிள்ளைகள் இருந்ததுதான் காரணம். பெயரை இழந்தால் எல்லாவற்றையும் இழப்பார்.

இணையத்தில் பெயரை இழந்தவர் ஒரு புதிய சிம் அட்டையில் மறுநாள் புதியவராக வரலாம். முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கிரிப்டோ விற்கும் சந்தைகளில் "இத்தனை வியாபாரம் முடித்தவர், நூற்றுக்கு இத்தனை வெற்றி" என்று புள்ளி போடுகிறார்கள். விற்பவரின் காசை நடுவில் பிடித்துவைத்து, அவர் பணம் கிடைத்தது என்று சொன்ன பின்னரே விடுவிக்கும் ஏற்பாடும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் புள்ளி சேர்த்த கணக்கையே விலைக்கு வாங்கிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். பணம் அனுப்பியதாகப் போலி வங்கிச் சிட்டை காட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதைவிட ஆபத்தானது, வேறொருவரிடம் மோசடி செய்த பணத்தை உங்கள் கணக்குக்குப் போட்டுவிட்டுக் கிரிப்டோவை வாங்கிக்கொண்டு போவது. காசு வந்தது என்று நீங்கள் மகிழும்போது பொலிஸ் விசாரணை உங்கள் வங்கிக் கணக்கைத் தேடி வரும். கடைக் கணக்கு முடங்கினால் புறக்கோட்டைக்குக் கொடுத்த செக்குகள் எல்லாம் வரிசையாகத் திரும்பும்.

மார்க்கம் சொல்லும் வழி

கிரிப்டோ கூடுமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2018 ஜனவரியில் எகிப்தின் அன்றைய தலைமை முப்தி பிட்கொயினைக் கூடாது என்றார். இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில் அதை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. மலேசியப் பங்குச் சந்தை ஆணைக்குழுவின் ஷரீஆ ஆலோசனைச் சபையோ பதிவுபெற்ற சந்தைகளில் அதை வாங்கி விற்பதை 2020 இல் நிபந்தனைகளோடு அனுமதித்தது. தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. உங்கள் ஆலிம்களிடம் கேளுங்கள்.

ஆனால் கருத்து வேறுபாடு இல்லாத விடயங்களும் இருக்கின்றன. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறும் சாட்சி வைக்குமாறும் சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம் விரிவாகக் கட்டளையிடுகிறது. நம்பிக்கை இருந்தாலும் எழுத வேண்டும். நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன்னரே அல்அமீன் என்று அழைக்கப்பட்டார்கள். அவர்களை எதிர்த்த மக்காவாசிகள்கூடத் தங்கள் அமானிதங்களை அவர்களிடமே வைத்திருந்தார்கள். ஹிஜ்ரத்தின்போது அவற்றை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காகவே அலீ (ரழி) அவர்களை விட்டுச் சென்றார்கள். நமது வியாபாரத்தின் முன்மாதிரி இதுதான். பெயரும் ஓர் அமானிதமே.

கேட்க வேண்டிய கேள்விகள்

சகோதரர்களே, யாராவது உங்கள் கடைக்கு வந்து இப்படி ஒரு திட்டத்தைச் சொன்னால் கோபிக்க வேண்டாம். ஒரு பிளேன்டீ கொடுத்துவிட்டு இவற்றைக் கேளுங்கள்:

இலாபம் எங்கே பிறக்கிறது? யார் எதை வாங்கி யாருக்கு விற்பதால் இந்தப் பணம் வருகிறது?

ஆள் சேர்த்தால் கூடுதல் பணம் உண்டா? உண்டு என்றால் மேற்கொண்டு கேட்கத் தேவையில்லை.

பிரச்சினை வந்தால் நான் யாருடைய கடை வாசலில் போய் நிற்பது? அவருக்கு முகவரி இருக்கிறதா?

மத்திய வங்கியின் பட்டியலைப் பார்த்தீர்களா? பட்டியலில் இல்லை என்பதும் நல்லது என்பதற்கு ஆதாரம் அல்ல. புதிதாகத் தொடங்கியது பட்டியலுக்கு வரக் காலம் எடுக்கும்.

நான் போட்ட பணம் முழுவதையும் நாளைக்கே திருப்பி எடுக்க முடியுமா? இலாபத்தை அல்ல, போட்டதை.

இறுதியாக நம்மை நாமே கேட்க வேண்டிய ஒன்று. என் பணம் போனால் நான் தாங்குவேன். என் பேச்சைக் கேட்டுப் போட்டவரின் பணம் போனால் திருப்பிக் கொடுக்க என்னால் முடியுமா? முடியாது என்றால் வாய் திறக்காமல் இருப்பதே மேல். சொந்தப் பணத்தைப் போட்டு ஒருவர் நட்டப்படுவது அவருடைய விடயம். பிறரைச் சேர்க்க வாய் திறந்த கணத்தில் அவர் பிணை நிற்கிறார். பிணை நின்றால் என்ன பொறுப்பு என்று நமது பஸாரில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

கண்டி, அக்குரணை, மடவளை, கம்பளை வியாபாரச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஒரு காரியம் செய்யலாம். மத்திய வங்கியின் பட்டியலைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, ஜும்ஆவுக்கு வருபவர்கள் பார்க்கும் பலகையில் ஒட்டிவைக்கலாம். செலவு சில நூறு ரூபா. ஊரில் ஒரு நல்ல மனிதரின் பெயராவது தப்பினால் அந்தச் செலவுக்கு அதைவிட நல்ல இலாபம் கிடையாது.